காசு அடிக்கும் சாவி யாரிடம் இருக்கும்? ஜனாதிபதி வேட்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வலிகாமம்,
2024 செப்டெம்பர் 10

மதிப்புக்குரிய வேட்பாளர்களுக்கு,

2022 மே மாதம். ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தின் கிராமிய வங்கியில் அடைவுப் பகுதியில் இருந்தேன். ஒரு அம்மா அடைவுச் சீட்டோடு வந்தார். நான்கு மாதத்துக்கு முன் வைத்த இரண்டு பவுண் சங்கிலி. மீட்க வரவில்லை, அதே சங்கிலிக்கு இன்னும் கொஞ்சம் காசு எடுக்கலாமா என்று கேட்க வந்திருக்கிறார். தராசில் போட்டேன். நிறை மாறவில்லை. அன்றைய விலைப்படி பார்த்தால் முதலில் கொடுத்ததைப்போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கொடுக்கலாம் என்று வந்தது. அம்மாவுக்குச் சந்தோஷம். "சங்கிலி குட்டி போட்டிருக்குது தம்பி" என்று சிரித்தார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. தங்கம் அப்படியேதான் இருந்தது, விழுந்தது ரூபா. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவுக்குக் கிடைத்த டொலர் அப்போது 360 ரூபா. சங்கிலிக்குக் கிடைத்த மேலதிகக் காசு அந்த மாதம் முடியமுன்னர் மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் போய்விடும் என்று எனக்குத் தெரியும். அவருக்குப் பின்னால் வரிசையில் இன்னும் பதினைந்து பேர் நின்றார்கள். எண்ணிக் கொடுத்துவிட்டு அடுத்த சீட்டை வாங்கினேன்.

அந்த மேசையில் இருபத்தாறு வருடம் இருந்துவிட்டுப் போன வருடம் ஓய்வு பெற்றேன். பொருளியல் படித்தவன் இல்லை. ஆனால் கொழும்பில் எடுக்கிற முடிவு ஊருக்குள் முதலில் எங்கே வந்து சேரும் என்று கேட்டால் அடைவு மேசைக்குத்தான் என்று அடித்துச் சொல்வேன். அதனால்தான் இந்த மடல்.

உங்களில் 39 பேரின் வேட்புமனுக்கள் ஏற்கப்பட்டன. ஒருவர் இடையில் காலமாகிவிட்டார். வாக்குச்சீட்டு ஒரு முழத்துக்கும் மேலே போகிறது. அதில் 1 யாருக்கு, 2 யாருக்கு என்று சொல்ல இதை எழுதவில்லை. உங்கள் எல்லாரிடமும் கேட்க ஒரே விஷயம்தான் இருக்கிறது.

யாழ்ப்பாணத்துக்கு வந்தால் நீங்கள் மாகாணங்களுக்கு அதிகாரம் பகிரும் பதின்மூன்றாம் திருத்தம் பற்றிப் பேசுகிறீர்கள், காணி பற்றிப் பேசுகிறீர்கள், மாகாண சபைத் தேர்தல் பற்றிப் பேசுகிறீர்கள். பேசத்தான் வேண்டும். அவற்றுக்கான பதிலுக்கு எத்தனை தேர்தலாகக் காத்திருக்கிறோம் என்பது உங்களுக்கே தெரியும். ஆனால் வட்டி, வரி, ரூபா, மத்திய வங்கி என்ற பேச்செல்லாம் கொழும்பு ஹோட்டல் மண்டபங்களில் வர்த்தகப் பெரியவர்களோடு நடக்கிறது. தமிழருக்கு உரிமைப் பிரச்சினை, கொழும்பாருக்குக் காசுப் பிரச்சினை என்று யார் பங்கு பிரித்தது?

எங்கள் பக்கமும் இதில் சுத்தம் இல்லை. தமிழருக்கென்று ஒரு பொதுவேட்பாளர் வேண்டுமா வேண்டாமா என்று மாதக்கணக்கில் பத்திரிகைப் பக்கங்கள் நிறைந்தன. தமிழரசுக் கட்சி இந்த மாதம் 1ஆம் திகதி வவுனியாவில் கூடி, சஜித் பிரேமதாசவை ஆதரிப்பது என்று முடிவெடுத்தது; அதற்குள்ளேயே இழுபறி. எந்தச் சின்னம், சங்கா, தொலைபேசியா, திசைகாட்டியா, காஸ் சிலிண்டரா என்று தேநீர்க்கடையில் தொண்டை வறள வாதாடுகிறோம். அந்த வாதத்தில் நாணயக் கொள்கை என்ற சொல்லை நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. பொருளாதாரத்தைப் பற்றி நேருக்கு நேர் விவாதிக்கிறோம் என்று இந்த வருட நடுப்பகுதியில் சஜித்தின் ஆட்களும் அநுர குமார திசாநாயக்கவின் ஆட்களும் மாறிமாறித் திகதி குறித்தார்கள். கடைசியில் அதுவும் நடக்கவில்லை.

சரி, விவாதிக்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். 2019 நவம்பரை நினைத்துப் பாருங்கள். வரியைக் குறைப்பேன் என்றார் கோட்டாபய ராஜபக்ஷ. வென்றார். சொன்னதைச் செய்தார்! டிசெம்பரில் வற் என்ற பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமானது. எங்கள் சங்கத்திலும் கைதட்டினோம், நானும்தான். வாக்குறுதியைக் காப்பாற்றிய ஒரு தலைவரால் நாட்டுக்கு இப்படி ஒரு கெடுதி வரும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

வரி குறைந்தது, செலவு குறையவில்லை, அப்புறம் கொரோனாவும் வந்தது. துண்டு விழுந்த காசுக்கு என்ன செய்வது? அரசாங்கம் திறைசேரி உண்டியல் என்ற கடன் பத்திரத்தை ஏலத்தில் விடும், வங்கிகள் வாங்கும். இந்த வட்டிக்கு மேல் தரமாட்டோம் என்று உச்சவரம்பு போட்டுவிட்டால் வங்கிகள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். 2020இலும் 2021இலும் நடந்தது அதுதான். விலைப்படாமல் மிஞ்சியதை மத்திய வங்கி வாங்கியது. எதைக் கொடுத்து? அரசாங்கத்தின் கணக்கில் ஒரு தொகையை வரவு வைத்து. காசு அடிப்பது என்று நாங்கள் சொல்வதற்கு இயந்திரம் ஓடி நோட்டு விழவேண்டும் என்றில்லை, பேரேட்டில் ஒரு வரி எழுதினால் போதும். எங்கள் சங்கத்தில் நான் அப்படி ஒரு வரி எழுதியிருந்தால் மறுநாள் பொலிஸ் வந்திருக்கும்.

2019 முடிவில் மத்திய வங்கியின் கையில் இருந்த திறைசேரி உண்டியல்கள் ஏறத்தாழ 75 பில்லியன் ரூபா. ஒரே வருடத்தில் அது 725 பில்லியன். 2021 முடிவில் 1,400 பில்லியனைத் தாண்டியது, 2022 முடிவில் 2,600 பில்லியனை நெருங்கியது. இந்தக் கடைசி வருடம் ஏறிய தொகையில் பெரும்பகுதி ஆட்கள் மாறிய பிறகு சேர்ந்தது என்பதையும் சொல்லவேண்டும். 2022 மேயில் பிரதமராக வந்த ரணில் விக்கிரமசிங்கவே, சம்பளம் கொடுக்கக் காசு அடிக்கவேண்டியிருக்கிறது என்று நாட்டுக்குச் சொன்னார். பழகிய கை உடனே நிற்காது.

ரூபா பெருகும்போது டொலரின் விலையை மட்டும் 203 ரூபாவில் பிடித்து வைத்திருந்தார்கள். கனடாவில் இருக்கும் என் தம்பி வங்கியால் அனுப்பினால் அந்த விலை. வங்கிக்கு வெளியால் காசு அனுப்பித்தரும் உண்டியல்காரரிடம் கொடுத்தால் அதைவிட நல்ல விலை, பின்னேரமே காசு படலைக்கு வந்துவிடும். 2021 டிசெம்பரில் டொலருக்கு வழக்கமான 2 ரூபாவோடு இன்னும் 8 ரூபா சேர்த்துத் தருகிறோம் என்று மத்திய வங்கி ஆசை காட்டியது. தம்பி அசையவில்லை. அவன் மட்டும் இல்லை என்பதற்குக் கணக்கு இருக்கிறது: 2020இல் வங்கிகள் வழியாக வந்த பணம் 7.1 பில்லியன் டொலர், 2022இல் 3.8 பில்லியன். திறைசேரி விற்பதும் உண்டியல், ரொறன்ரோவிலிருந்து வருவதும் உண்டியல். தமிழில் இரண்டுக்கும் ஒரே பெயர் அமைந்தது தற்செயல்தான், ஆனால் ஒன்று ஊதினால் மற்றதும் ஊதும் என்று அந்த இரண்டு வருடத்தில் பார்த்துவிட்டோம்.

மிச்சக் கதை உங்களுக்குத் தெரியும். மருந்துக்கும் காஸுக்கும் டொலர் இல்லாத 2022 ஜனவரியில் 500 மில்லியன் டொலர் பிணைமுறிக் கடனைக் கட்டினார்கள். மார்ச் 7ஆம் திகதி, டொலரை 203 ரூபாவில் பிடித்து வைத்திருந்த கையை விட்டார்கள். ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 வீதம், சாப்பாட்டுச் சாமான்களுக்கு மட்டும் பார்த்தால் 94.9 வீதம். ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது. அந்தக் கிழமை கரையோர ஊர்களிலிருந்து அடைவுக்கு வந்த மோதிரங்களும் தோடுகளும் இன்னும் கண்ணுக்குள் நிற்கின்றன.

மலையகத்தைப் பாருங்கள். ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்காக அங்கே தேயிலைத் தோட்டச் சனம் வருடக்கணக்காகத் தெருவில் நின்றது. 2021 மார்ச்சில் வர்த்தமானி வந்தது. அன்றைக்கு அந்த ஆயிரம் ரூபா ஐந்து டொலர். அடுத்த வருடம் மே மாதம் மூன்று டொலருக்கும் குறைவு. தோட்டக் கம்பனி சம்பளத்தை வெட்டவில்லை, பாராளுமன்றம் சட்டம் போடவில்லை, எவரும் கையெழுத்து வைக்கவில்லை. கொழுந்துக் கூடையிலிருந்து கிட்டத்தட்டப் பாதியை எடுத்துக்கொண்டது பேரேட்டில் எழுதிய அந்த வரி. இப்போது 1,700 ரூபா என்று மேடைகளில் சத்தம் கேட்கிறது. நல்லது, கொடுங்கள். அந்த 1,700 ரூபா 2026இல் எத்தனை கிலோ அரிசி வாங்கும் என்பதற்கும் யாராவது பொறுப்பு எடுப்பீர்களா?

காசு அடிக்கும் அந்தச் சாவியை 2023இல் ஒருவாறு பூட்டிவைத்தார்கள். 1949ஆம் ஆண்டு நாணயச் சட்டத்தை எடுத்துவிட்டு 2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். அதன் 86ஆம் பிரிவு, அரசாங்கத்தின் கடன் பத்திரத்தை மத்திய வங்கி நேராக ஏலத்தில் போய் வாங்கக்கூடாது என்கிறது. திறைசேரிச் செயலாளருக்கு இனி மத்திய வங்கியின் ஆளும் சபையில் நாற்காலி இல்லை. பணவீக்கத்துக்கு 5 வீத இலக்கு. இரண்டு புள்ளி கூடியோ குறைந்தோ இரண்டு காலாண்டு தொடர்ந்து தவறினால் பாராளுமன்றத்துக்கு எழுத்தில் காரணம் சொல்லவேண்டும். பூட்டில் ஓட்டை இல்லாமலும் இல்லை. வங்கி ஒன்று ஏலத்தில் வாங்கியதைப் பிறகு அதனிடமிருந்து மத்திய வங்கி வாங்கத் தடையில்லை. இருந்தாலும் 74 வருடத்துக்குப் பிறகு வந்த பூட்டு அது.

இந்தச் சட்டம் 225 பேர் இருக்கவேண்டிய பாராளுமன்றத்தில் 66 பேர் ஆதரித்து 24 பேர் எதிர்த்து நிறைவேறியது. மிச்சப்பேர் எங்கே போனார்கள்? உங்களில் சிலர் அந்தச் சபையின் உறுப்பினர்கள். வந்த வேகத்தில் சாதாரணப் பெரும்பான்மையால் அதை எடுத்தும் விடலாம். ஆகவே கேட்கிறேன்: நீங்கள் வென்றால் 86ஆம் பிரிவு இருக்குமா, போகுமா? ஆம் அல்லது இல்லை என்று ஒரு சொல் போதும். "மக்கள் நலன் கருதி மீளாய்வு செய்வோம்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். எங்கள் சங்கத்தில் ஒரு விஷயத்தைப் புதைக்கவேண்டும் என்றால் நாங்களும் அப்படித்தான் தீர்மானம் எழுதுவோம்.

ஏன் இதையே பிடித்துத் தொங்குகிறேன் என்றால், உங்கள் வாக்குறுதிகள் எல்லாம் கடைசியில் இந்தப் பிரிவில் வந்துதான் முட்டும். ரணில் அரச ஊழியருக்கு வருகிற ஜனவரியிலிருந்து சம்பளம் கூடும் என்கிறார். சஜித் 50 கிலோ உரப்பையை 5,000 ரூபாவுக்குத் தருவேன் என்கிறார். அநுர சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் படிப்புச் சாமானுக்கும் வற் வரியை நீக்குவேன், மாதச் சம்பளத்தில் இரண்டு இலட்சம் வரை வரி இல்லை என்கிறார். ஒவ்வொன்றும் எனக்குப் பிடித்த வாக்குறுதிதான். என் மருமகன் ஆசிரியர், என் மச்சான் வெங்காயம் வைக்கிறார், மருந்துக்கு மாதாமாதம் நான் கொடுப்பது எனக்குத் தெரியும். ஆனால் சர்வதேச நாணய நிதியத்தோடு போட்ட ஒப்பந்தத்தில் 2025 முதல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.3 வீதம் மிச்சம் பிடிக்கவேண்டும் என்று இருக்கிறது, வட்டிச் செலவை ஒதுக்கிவைத்துப் பார்க்கும்போது. ஒப்பந்தத்தைத் திருத்துவோம் என்று உங்களில் பலர் சொல்கிறீர்கள். திருத்துங்கள், திருத்தக்கூடாது என்று சொல்ல நான் யார். ஆனால் ஒரு கையால் வரியை விட்டு மறு கையால் செலவைக் கூட்டினால் நடுவில் விழும் துண்டை எதைக்கொண்டு நிரப்புவீர்கள்? அந்த இடத்தில் உங்கள் பேச்சு எப்போதும் ஊழல் ஒழிப்புக்குத் தாவிவிடுகிறது. திருடரைப் பிடியுங்கள், சந்தோஷம். பிடிக்கிற வரைக்கும்?

ஆட்களைப் பற்றியும் கேட்கவேண்டும். மத்திய வங்கி ஆளுநரின் பதவிக்காலம் ஆறு வருடம். 2015 ஜனவரிக்கும் 2022 ஏப்ரலுக்கும் இடையில் மட்டும் அந்த நாற்காலியில் ஐந்து பேர் இருந்து பார்த்துவிட்டார்கள். அரசாங்கம் மாறினால் ஆளுநர் மாறுவார் என்பது இங்கே மழைக்காலம்போல வழக்கமாகிவிட்டது. 2015இல் மத்திய வங்கியையே நிதி அமைச்சிலிருந்து எடுத்து அன்றைய பிரதமர் ரணிலின் அமைச்சுக்குக் கீழே வைத்தார்கள். அதற்குப் பின்னால் வந்த மத்திய வங்கிப் பிணைமுறி விவகாரமும் அதை விசாரித்த ஆணைக்குழுவும் ரணிலுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆளுநர் நந்தலால் வீரசிங்கவை உங்களுக்குப் பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம். அவரைப் போகச் சொல்வீர்களா என்று வாக்களிப்பு நாளான 21ஆம் திகதிக்கு முன்னர் தெரிந்துகொள்ள எனக்கு உரிமை உண்டு.

துருக்கியில் ஜனாதிபதி எர்டோகன் என்ன செய்தார் என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். வட்டி கூடினால்தான் விலை கூடும் என்பது அவருடைய வாதம். மறுத்த மத்திய வங்கி ஆளுநர்களை மாற்றினார். 2019 நடுப்பகுதியிலிருந்து 2021 மார்ச் வரை மூன்று பேர் போனார்கள், கடைசியாள் நான்கு மாதம்தான் தாக்குப்பிடித்தார். 2022 ஒக்டோபரில் அங்கே பணவீக்கம் 85 வீதத்தைத் தாண்டியது. 2023இல் தேர்தலை வென்ற பிறகு அதே எர்டோகனின் காலத்திலேயே வட்டி 8.5 வீதத்திலிருந்து படிப்படியாக 50 வீதத்துக்கு ஏறியது.

இதையெல்லாம் வாசித்துவிட்டு நான் மத்திய வங்கியின் ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்களோடும் எனக்குக் கணக்கு இருக்கிறது. 2022 ஏப்ரல் 8ஆம் திகதி ஒரே நாளில் வட்டியை 7 புள்ளி கூட்டினார்கள். வேறு வழி இருக்கவில்லை என்று ஒப்புக்கொள்கிறேன். அந்த வருடக் கடைசியில் திறைசேரி உண்டியல் வட்டி 33 வீதத்தைத் தொட்டபோது, அரிசி ஆலைக்காரரும் தையல்கடைப் பிள்ளையும் வங்கிக் கடனில் மூழ்கினார்கள். மீட்கமுடியாமல் ஏலத்துக்குப் போன நகைகளின் பட்டியலை நான்தான் தட்டச்சு செய்தேன். அந்த அம்மாவின் சங்கிலி அதில் இருந்தது. இப்போது கொள்கை வட்டி 8.25 வீதம், ஓகஸ்ட் மாதப் பணவீக்கம் 0.5 வீதம். நிமிர்ந்துவிட்டோம் என்கிறார்கள். விலை ஏறுவது நின்றிருக்கிறது; ஏறிய விலை இறங்கி வரவில்லை. சங்கிலியும் திரும்பி வரவில்லை.

2023இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது சுமையை யார் தலையில் வைத்தார்கள்? ஊழியர் சேமலாப நிதியின் தலையில். வங்கிகளின் கையிலிருந்த ரூபாத் திறைசேரிப் பிணைமுறிகளைத் தொடவில்லை. கடைச் சிப்பந்தியின், தோட்டத் தொழிலாளியின், தையல் ஆலைப் பிள்ளையின் சேமிப்பு, வட்டி குறைந்த பிணைமுறிக்கு மாறியது. அந்த நிதியை நிர்வகிப்பதும் மத்திய வங்கிதான். அடைவு வைத்தவனுடைய நகையைக் காக்கிற ஆளே ஏலமும் கூறினால் எங்கள் ஊரில் கேள்வி கேட்பார்கள். அதற்குமேல், இந்த வருடத் தொடக்கத்தில் தங்கள் ஊழியருக்குத் தாங்களே பெரிய சம்பள உயர்வு எழுதிக்கொண்டார்கள், சில தரங்களுக்கு 70 வீதம் வரை. சுயாதீனம் என்ற சொல்லுக்கு அதைவிடப் பெரிய கெடுதியை அதன் எதிரிகூடச் செய்திருக்கமாட்டான். ஆகவே பூட்டு வேண்டும் என்று கேட்கிற அதே வாயால், பூட்டுக்குக் காவல் இருப்பவர் வந்து பதில் சொல்லும் இடமும் வேண்டும் என்று கேட்கிறேன். இலக்குத் தவறும்போது பாராளுமன்றத்தில் வாசிக்கப்படும் அந்த அறிக்கை, கடைக்காரனுக்குப் புரிகிற தமிழிலும் சிங்களத்திலும் வரவேண்டும். ஊழியர் சேமலாப நிதியை வேறு கையில் கொடுக்கவேண்டும்.

போன நவம்பர் 14ஆம் திகதி உயர் நீதிமன்றம், நெருக்கடிக்கு யார் பொறுப்பு என்று பெயர் சொல்லித் தீர்ப்புக் கொடுத்தது. மூன்று ராஜபக்ஷ சகோதரர்கள், இரண்டு முன்னாள் ஆளுநர்கள், உயர் அதிகாரிகள். மக்கள் தங்கள்மேல் வைத்த நம்பிக்கையை மீறினார்கள் என்றது. மனுதாரர்களுக்கு வழக்குச் செலவாக 150,000 ரூபா. இரண்டு பவுண் சங்கிலிக்குக் காணாது. நாமல் ராஜபக்ஷ அவர்களே, அந்தப் பட்டியலில் உங்கள் தந்தையும் சித்தப்பாமார் இருவரும் இருக்கிறார்கள். அவர்கள் செய்தது பிழை என்று நினைக்கிறீர்களா என்று நான் கேட்கவில்லை, அது குடும்ப விஷயம். அதையே மறுபடியும் செய்யமாட்டீர்கள் என்பதற்கு என்ன பிணை வைப்பீர்கள்? அடைவு மேசையில் இருந்தவன், அப்படித்தான் கேட்க வருகிறது.

பொதுவேட்பாளராக நிற்கும் பா. அரியநேத்திரன் ஐயா, உங்களுக்கும் ஒன்று. நீங்கள் வெல்லப் போட்டியிடவில்லை, தமிழரின் நிலைப்பாட்டைச் சொல்லப் போட்டியிடுகிறீர்கள் என்று தெரியும். அந்த நிலைப்பாட்டில் எங்கள் பொக்கற்றுக்குள் இருக்கும் நோட்டைப் பற்றியும் ஒரு வரி சேருங்கள். சமஷ்டி கிடைத்தாலும் ரூபா ஒன்றுதான்.

வேட்பாளர்களே, உங்களில் சிலருடைய விஞ்ஞாபனங்கள் வந்துவிட்டன. கடனை எப்படி அடைப்பீர்கள், காசு அடிப்பீர்களா, ஆளுநரை விட்டுவைப்பீர்களா என்று சொல்லும் பக்கம் தமிழ்ப் பிரதியில் எத்தனையாவது என்று மட்டும் யாழ்ப்பாணக் கூட்டத்தில் சொல்லுங்கள். 20ஆம் திகதி இரவுக்குள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அடைவுப் பகுதி எழுதுவினைஞர் ஒருவன்